ஆளுக்கு நாலு முழம்

பாகப் பத்திரத்தில் மண் என்றொரு வார்த்தை இல்லை.
சர்வே எண் இருந்தது. நான்கெல்லை இருந்தது.
புயலில் சாய்ந்தது போக
தென்னை நூற்று நாலு என்று எழுத்தாலும் எண்ணாலும் இருந்தது.
மோட்டார் கொட்டகை பொது.
கிழக்குப் பாதி அண்ணன் மெய்யநாதனுக்கு,
மேற்கு எனக்கு.
நடுவில், புதாற்றில் தண்ணீர் வந்தால்
கடைசியாக நனைகிற வாய்க்கால்.

அண்ணன் தோப்பு
கூட்டிவிட்ட கல்யாண மண்டபம்.
விழுந்த காய் பேராவூரணி ரோட்டிலிருந்தே தெரியும்.
மாதம் ஒருமுறை முதுகில் டேங்கு ஏற்றுவான்;
நாலாம் நாள் புல்லெல்லாம் வைக்கோல் நிறம்.

என் பக்கம் கொழிஞ்சி, சணப்பை,
விதைக்காமல் வந்த தொட்டாற்சிணுங்கி,
விழுந்த இடத்தில் கிடக்கும் மட்டை, பாளை, உரிமட்டை.
காய் பொறுக்க வரும் காசாம்பு கழியோடுதான் இறங்குவாள்:
"பாம்பு வளக்கவா தோப்பு வச்சிருக்கிய?"
கேள்வி நியாயம்.
சாரை ஒன்று இருக்கத்தான் செய்கிறது.

மண் பரிசோதனைக்கு வந்த பர்வீன்
கார்டில் கரிமம் அரைக்கும் கீழே என்று எழுதிவிட்டு,
பேனாவை மூடிக்கொண்டே சொன்னாள்:
"நம்பர் கெடக்கட்டும்.
பருத்தித் துணி ஒண்ணு ஒரு சாண் ஆழத்துல பொதைங்க.
ரெண்டு மாசத்துல தெரிஞ்சிரும்
மண்ணுக்கு வாய் இருக்கா இல்லையான்னு."

பத்திரத்தில் சேராமல் மிஞ்சியது
அப்பாவின் எட்டு முழ வேட்டி ஒன்று.
ஆளுக்கொரு முனை பிடித்துக் கிழித்தோம்.
பாகம் பிரித்த அன்றுகூட
அவ்வளவு சத்தம் கேட்கவில்லை.

ஆவணியில் புதைத்தது.
நடுவில் அங்கே என்ன நடந்ததென்று நான் பார்க்கவில்லை.
சணப்பை வேர் கசியும் சர்க்கரைக்கு
யார் யார் வந்தார்கள்,
யார் யாரைத் தின்றார்கள்,
எத்தனை தலைமுறை ஒரு ராத்திரிக்குள் பிறந்து செத்தது,
எனக்குத் தெரியாது.
காலையில் நாங்கூழ்க் கட்டிகள் மட்டும்
எச்சில் இலைபோலக் கிடக்கும்.

ஐப்பசி முதல் மழைக்கு முன்னால் தோண்டினோம்.

அண்ணன் பக்கம் நாலு முழமும் நாலு முழமாகவே வந்தது.
ஒரு மூலையில் ஓட்டை, இரண்டிடத்தில் மஞ்சள் கறை.
உதறினால் கட்டலாம்.
சேங்கொட்டை மையில் போட்ட சலவைக் குறி,
மூன்று புள்ளி ஒரு கோடு,
அழியவே இல்லை.

என் பக்கம் கரை மட்டும் வந்தது.
பச்சை பாலியெஸ்டர்; அதை எதுவும் தீண்டவில்லை.
மீதி இடத்தில் வெள்ளையாய் ஏதோ ஓடியது,
நூலா பூஞ்சையா என்று பிரிக்க முடியவில்லை.
பிடித்தால் மண்ணாக உதிர்ந்தது.
வாசனை,
பத்து நிமிஷம் முன்னால் மழை பெய்ததுபோல.

அண்ணன் சிரித்தான்.
"பாத்துக்க. எம்மண்ணு எதையும் கெடுக்காது.
நீதான் அப்பா வேட்டிய தொலைச்சிட்ட."

நான் வாயெடுத்தேன், மூடிக்கொண்டேன்.
அந்த வெட்டில் அவனுக்கு
என்னைவிட இருநூறு காய் கூடுதல்.
யூரியா பாக்கி எவ்வளவென்று அண்ணி சொல்லியிருக்கிறாள்,
ஆனாலும் காய் காய்தானே.
மறுநாள் அடித்த மழையில்
அவன் பக்கத்துத் தண்ணீர் செம்மண் நிறத்தில்
வாய்க்காலுக்கு ஓடியது.
என் பக்கத்துத் தண்ணீர் எங்கே போனதென்று
தேட வேண்டியிருந்தது.

கரையை மோட்டார் கொட்டகைச் சாவியில் முடிந்தேன்.
பொதுச் சாவி. அவன் கையும் தினம் படுகிறது.

கார்த்திகையில் மறுபடி டேங்கு ஏறியது.
தலையில் அப்பாவின் நாலு முழம்
முண்டாசாக,
நெற்றிக்கு மேலே மூன்று புள்ளி ஒரு கோடு.
காற்று மேற்கே திரும்பியிருந்தது.
கொழிஞ்சிக்குள் நின்று முந்தானையால் மூக்கைப் பொத்தியபடி
"அண்ணே, குழாயத் தாழ்த்திப் புடி" என்றேன்.
தாழ்த்தினான்.
கொஞ்சம்.